பணயம் வைத்த மாப்பிள்ளை

பழைய ஆங்கில நாவல்களில் மாதா கோவில் கல்யாணம் வந்தால், மாப்பிள்ளை வாயில் 'பிளைட்' என்ற வார்த்தை வரும். ஆகாய விமானம் அல்ல. அதற்கு எழுத்தே வேறு. அகராதியைப் புரட்டினால் முதலில் 'அவல நிலை' என்று இருக்கும். மோதிரம் போடும் வேளையில் அவலம் எங்கே வந்தது என்று திகைக்காதீர்கள். ('கல்யாணம் என்றால் பொருத்தம்தானே!' என்று சில சகோதரிகள் சிரிப்பது காதில் விழுகிறது.)

இரண்டும் வெவ்வேறு சொற்கள். அவலத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மடிப்பு என்பது அதன் பழைய பொருள். புடவைக் கொசுவத்தைப் 'பிளீட்' என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு! கல்யாணத்தில் வரும் வினைச்சொல்லோ பழைய ஆங்கிலத்துக்கே சொந்தம். அதன் வேருக்கு ஆபத்து என்று அர்த்தம். ஒன்றை ஆபத்துக்கு உட்படுத்துவது, அதாவது பணயம் வைப்பது. பணயம் என்றதும் தருமபுத்திரர் நினைவுக்கு வருவார். அவர் வைத்தது மனைவியை. இந்த மாப்பிள்ளை வைப்பது தன் 'டிரோத்'தை. உண்மையைக் குறிக்கும் 'ட்ரூத்' என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. சொல் தவறினால் என் சத்தியமே போகட்டும் என்பது கருத்து.

இன்று 'டிரோத்' பக்கத்தில் இல்லாமல் இந்த வினையைப் பார்ப்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு அழைத்துப் போவதாக உங்கள் கணவர் சொன்னால் அது வெறும் 'பிராமிஸ்'தான்!

சுவாரஸ்யம் இனிமேல்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகம் 1549-இல் வெளிவந்தது, 1662-இல் திருத்தப்பட்டது. இரண்டிலும் மாப்பிள்ளை சத்தியத்தைப் 'பிளைட்' செய்கிறான். அதே இடத்தில் மணப்பெண், 'கிவ்', கொடுக்கிறேன், என்று மட்டுமே சொல்கிறாள். பணயம் அவனுக்குத்தான். ஆனால் அவளுக்கென்று தனியாக ஒரு வார்த்தை உண்டு: 'ஒபே', கீழ்ப்படிவேன். அவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை!

1947-இல், பட்டத்துக்கு உரிய இளவரசி எலிசபெத்கூட வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் மணந்தார். 1981-இல் டயானா அதை விட்டுவிட்டார். 2011-இல் காதரினும் சொல்லவில்லை.

கீழ்ப்படிவு போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் பாருங்கள், அந்த 2011 கல்யாணத்தில் மாப்பிள்ளை வில்லியமும் 'பிளைட்' சொல்லவில்லை. 'கிவ்' என்றே முடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், இருவரையுமே பணயம் வைக்கச் சொல்லியிருக்கலாம்.