மார்பகத்தைக் காத்த பின்னும் நோய் திரும்புமா?

சென்ற மாதம் கணக்குத் தணிக்கைக்காக ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து யோசனை கேட்டார். அவருடைய மனைவிக்கு மார்பகத்தில் புற்றுக் கட்டி தோன்றியிருந்தது. நகரத்து மருத்துவமனையில் மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அடுத்து மூன்று வாரங்கள் கதிர்ச் சிகிச்சைக்கு வரவேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். “கட்டிதான் போய்விட்டதே, ஐயா! தறியை நிறுத்திவிட்டு மூன்று வாரம் பட்டணத்தில் தங்கத்தான் வேண்டுமா?” என்றார் அவர்.

கடன் தவணையைப் பற்றிய கேள்வியாயின் உடனே விடை சொல்லியிருப்பேன். இதற்கோ மருத்துவ நண்பர் ஒருவரைக் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெளிய வேண்டியிருந்தது. தெளிந்ததை அங்கத்தினர் அனைவரும் அறிவது நலமெனக் கருதி இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து அறுவை நிபுணர் ஹால்ஸ்டெட் 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையே நெடுங்காலம் எங்கும் வழங்கிவந்தது. மார்பகம், அதன் கீழுள்ள தசை, அக்குளிலுள்ள நிணக் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அகற்றுவது அம்முறை. இவ்வளவும் வேண்டுமா என்னும் வினாவுக்கு இருவர் விடை கண்டனர். ஒருவர் இத்தாலியில் மிலான் நகரத்து வெரோனேசி. மற்றவர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்டு பிஷர்.

வெரோனேசி 1973 முதல் 1980 வரை சிறு கட்டியுடைய 701 பெண்களை இரு பிரிவாக்கினார். 349 பேருக்குப் பழைய முறை. 352 பேருக்கு மார்பகத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை. இருபது ஆண்டுகள் கழித்து, 2002-இல் முடிவு வெளிவந்தது. முதற் பிரிவில் 8 பேருக்கும், மார்பகம் காக்கப்பட்ட பிரிவில் 30 பேருக்கும் நோய் அவ்விடத்திலேயே திரும்பியிருந்தது. ஆயினும் உயிர் வாழ்ந்தோர் விகிதத்தில் இரு பிரிவுக்கும் வேற்றுமை இல்லை. ஆகவே, மார்பகத்தைக் காத்துக்கொண்டது தவறோ என்று எந்தப் பெண்ணும் வருந்த வேண்டியதில்லை.

நம் அங்கத்தினரின் கேள்விக்கு நேர் விடை தருவது பிஷரின் ஆராய்ச்சி. 1976-இல் தொடங்கிய அதன் இருபதாண்டு முடிவும் 2002-இலேயே வெளிவந்தது. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்ச் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே திரும்பியது. பின்னர் 17 ஆராய்ச்சிகளில் சேர்ந்த 10,801 பெண்களின் கணக்கை ஒன்றுகூட்டி 2011-இல் வெளியிட்டார்கள். பத்தாண்டுக்குள் நான்கு பேருக்கு நோய் திரும்பாமல் கதிர்ச் சிகிச்சை தடுத்தால், பதினைந்தாண்டுக்குள் ஓர் உயிர் காக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

கட்டி போன பின் நோய் எங்கிருந்து வருகிறது? வயலில் கோரையை வெட்டிய உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே புல் போய்விடும். மண்ணுள் கிழங்கு தங்கிவிடும். கட்டியைச் சுற்றி நல்ல சதையும் ஒரு கரைபோலச் சேர்த்தே எடுக்கிறார்கள். அந்தக் கரையில் மை தடவி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். மை பட்ட இடத்தில் புற்று இருந்தால் மறுபடியும் அறுக்க நேரும். கரை சுத்தமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் சில அப்பால் தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கவே கதிர்ச் சிகிச்சை. கதிர் படும்பொழுது வலி இல்லை. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. முன்பு ஐந்து வாரம் என்றிருந்தது, இப்பொழுது பலருக்கு மூன்று வாரமாகக் குறைந்துள்ளது. வயது முதிர்ந்த சிலருக்கு இது வேண்டாமென்று மருத்துவரே விடுவதுண்டு. அது அவர் தீர்ப்பு, நம் தீர்ப்பன்று.

சிகிச்சை முடிந்தபின் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தவணை தவறாத பரிசோதனை. முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்திற்கொரு முறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மேமோகிராம் என்னும் மார்பகப் படம் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். பத்தாண்டு கழித்தும் நோய் வருவதுண்டு.

இரண்டாவது, மாத்திரை. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுக்கு டாமாக்சிபென் போன்ற மருந்தை ஐந்து ஆண்டுகளேனும் உண்ணச் சொல்வார்கள். உடம்பு நன்றாயிருக்கிறதென்று இடையில் நிறுத்தலாகாது.

மூன்றாவது, நம் கண்ணும் கையும். தழும்பின் அருகே புதிய கட்டி, தோல் சிவத்தல் அல்லது குழிதல், காம்பு உள்ளிழுத்தல் அல்லது அதிலிருந்து நீர் கசிதல், அக்குளில் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே காட்ட வேண்டும். கதிர் பட்ட மார்பகம் சற்றுக் கெட்டிப்படுவதும் தோல் கறுப்பதும் இயல்பே, கெட்டியானதெல்லாம் புற்றன்று. சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

திரும்பியே விட்டாலும் அது முடிவன்று. வேறிடம் பரவியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். மார்பகத்தோடு நின்றிருந்தால், குணப்படுத்தும் நோக்கத்தோடேயே மறுபடியும் சிகிச்சை செய்வார்கள். கதிர் பாய்ச்சிய இடத்தில் மறுமுறை பாய்ச்சுவது பெரும்பாலும் இயலாதாகையால், இம்முறை மார்பகம் முழுவதையும் அகற்றுவதே வழக்கம். மருந்தும் தேவைக்கேற்பத் தொடரும். விரைவில் கண்டவர்களுக்கே இதில் பயன் மிகுதி. வெட்கத்தாலும் வேலையின் நெருக்கத்தாலும் சொல்லாமல் இருப்பதே பெருங்கேடு.

செலவைப் பற்றிய கவலையும் அந்த அங்கத்தினருக்கு இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். உரிய அட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பாவை முடித்துக் கொடுக்கும் கெடுவைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் ஒரு மாதம் தள்ளிவைத்துத் தீர்மானம் எழுதினார்கள். அவர் மனைவியோடு பட்டணம் சென்றிருக்கிறார். தறி ஒரு மாதம் நிற்கலாம்; சிகிச்சை பாதியில் நிற்கலாகாது.