பூவேலை வடிவங்களைப் பேணிக்காப்பது எப்படி?

சொந்தக் காணி கையில் இல்லாத காலங்களில் எமது குடும்பங்கள் பலவற்றுக்குத் தையல் வேலை கைகொடுத்திருக்கிறது. நலன்புரி நிலையத்திலோ உறவினரின் வளவிலோ இருந்துகொண்டு நெல் விதைக்க முடியாது. ஆனால் ஒரு மூலையில் மெசினைப் போட்டுத் தைக்கலாம். கால்மிதி மெசினுடன் ஆரம்பித்த மாதர் குழுக்களில் சில இன்று கணனியால் இயங்கும் எம்பிறொய்டறி மெசினையும் பாவிக்கும் நிலைக்கு வந்துள்ளன. முதல்நன்மை உடுப்பு, பீடத் துணி, பாடசாலைச் சின்னம், சேலைக் கரை எனப் பல வேலைகள் இம்மெசினுக்கு வருகின்றன.

மெசின் வந்து சில காலம் சென்றதும் ஒரு புதிய சிக்கல் தலைகாட்டும். வடிவங்கள் பெருகிவிடும். மெசினோடு வந்தவை, விலைக்கு வாங்கியவை, இலவசமாக எடுத்தவை, ஆள்பிடித்துச் செய்வித்தவை எல்லாமாக இரண்டாயிரம், மூவாயிரம் என்று சேர்ந்துவிடும். "போன வருடம் தைத்துத் தந்த அதே திராட்சைக் கொடி வேண்டும்" என்று ஒருவர் வந்து நிற்கும்போது, அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தேடுவதில் அரை நாள் போய்விடும். கிடைக்காவிட்டால் வேலையும் போய்விடும்.

விவசாயக் குடும்பங்களுக்கு இது விளங்காத விடயம் அல்ல. இனம் கலந்த விதை, பெயர் தெரியாத விதை, ஒரே மூடையில் வைத்துப் புழுவடித்த விதை ஆகிய மூன்றும் வீட்டில் இருந்தும் இல்லாதவையே. வடிவங்களும் அப்படித்தான். அவற்றைப் பிரித்து, பெயரிட்டு, வேறு வேறு இடங்களில் பிரதி வைத்தால்தான் அவை குழுவின் சொத்தாகும்.

வடிவக் கோப்பு என்றால் என்ன?

கணனியில் உள்ள எம்பிறொய்டறிக் கோப்பு ஒரு படம் அல்ல. ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே தைக்காமல் தாவ வேண்டும், எப்போது நூலை வெட்ட வேண்டும், எப்போது நிறம் மாற்ற நிற்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் கட்டளைப் பட்டியலே அது. ஒவ்வொரு மெசினுக்கும் ஏற்ற கோப்பு வகை உண்டு. யப்பானின் தஜிமா நிறுவனத்தின் டி.எஸ்.ரி. வகையைத் தொழிற்சாலை மெசின்கள் பெரும்பாலும் வாசிக்கும். பிறதர் வீட்டு மெசின்கள் பி.ஈ.எஸ். வகையையும், ஜனோம் மெசின்கள் ஜே.ஈ.எவ். வகையையும் பாவிக்கின்றன.

இதிலிருந்து இரண்டு விடயங்களை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, டி.எஸ்.ரி. கோப்பில் நூலின் நிறம் பதிவாவதில்லை. "இங்கே நிறம் மாற்று" என்ற கட்டளை மட்டுமே அதில் உண்டு. சிவப்பா நீலமா என்பது இல்லை. நாற்பது பிள்ளைகளின் சட்டையில் பாடசாலைச் சின்னம் தைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் இன்னும் இருபது கேட்கும்போது வேறு நீலத்தில் தைத்தால், அந்த இருபதும் உங்கள் தலையில்தான். எனவே நிறத்தை நீங்களே எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, வடிவத்தை நினைத்தபடி பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ கூடாது. 100 மில்லிமீற்றர் பூவை 50 மில்லிமீற்றராகக் குறைத்தால் அதன் பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். பல மெசின்கள் தையல் எண்ணிக்கையை மாற்றாமலே சுருக்குகின்றன. நாலு மடங்கு நெருக்கமாகத் தைக்கும்போது நூல் அறும், ஊசி முறியும், துணி சுருங்கும். நூற்றுக்குப் பத்து வீதம் வரை கூட்டிக் குறைப்பது பொதுவாகப் பாதகமில்லை. அதற்கு மேல் வேண்டுமாயின் அந்த அளவுக்கென்றே செய்த வடிவம் தேவை. ஆகவே ஒரே பூவானாலும் ஒவ்வொரு அளவையும் தனி வடிவமாகவே பதிந்து வையுங்கள்.

மூலப் பிரதியைத் தொடாதீர்கள்

கணனியில் மூன்று கோப்புறைகளை உண்டாக்குங்கள். முதலாவது மூலம். வாங்கியபடி, வந்தபடி எல்லாம் இதற்குள் இருக்கட்டும். விலைக்கு வாங்கும் வடிவங்கள் பெரும்பாலும் ஐந்தாறு கோப்பு வகைகளில் சேர்ந்தே வரும். அவற்றைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். இது விதைநெல். பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைப்பதில்லை அல்லவா?

இரண்டாவது வேலை. உங்கள் மெசின் வாசிக்கும் வகையை மட்டும் மூலத்திலிருந்து பிரதி எடுத்து இதற்குள் போடுங்கள். மூவாயிரம் கோப்பு என்று பயமுறுத்தியது இந்த ஒரு செயலால் பல மடங்கு குறைந்துவிடும். ஏனெனில் அவற்றுட் பல ஒரே வடிவத்தின் வேறு வகைகளாகவே இருக்கும். மூன்றாவது ஓடர். ஒருவருக்காக எழுத்தோ பெயரோ சேர்த்து மாற்றிய வடிவங்களை, வருடமும் மாதமும் இட்டு இதற்குள் வையுங்கள்.

சின்னம் ஒன்றை ஆள்வைத்துச் செய்வித்தால், மெசினுக்குப் போடும் கோப்புடன், வரைந்தவர் தம் கணனியில் பாவித்த திருத்தக்கூடிய கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வேலையைப் பேசும்போதே அதையும் பேசிக்கொள்வது நல்லது. பின்னர் அளவு மாற்ற வேண்டி வந்தால் அதிலிருந்துதான் சரியாக மாற்ற முடியும்.

எப்படிப் பிரிப்பது?

வேலைக் கோப்புறையை, வடிவம் எங்கே வாங்கியது என்பதைக்கொண்டு பிரிக்க வேண்டாம். வாடிக்கையாளர் எப்படிக் கேட்பார் என்பதைக்கொண்டு பிரியுங்கள். "ரோசாப்பூ இருக்கா?" என்றுதான் கேட்பார்கள், "நீங்கள் மாசி மாதம் வாங்கியதில் ஒன்று" என்று எவரும் கேட்பதில்லை. ஒன்பது பிரிவுக்குமேல் போகாமல் இருந்தால் புதிதாக வருபவருக்கும் விளங்கும். உதாரணமாக: 1 பூ, 2 கொடியும் கரையும், 3 பறவையும் மிருகமும், 4 சமயச் சின்னங்கள், 5 எழுத்து, 6 பாடசாலை, சங்கச் சின்னங்கள், 7 குழந்தை உடுப்புக்கு உரியவை, 8 கோலமும் வடிவக் கட்டங்களும், 9 மற்றவை.

பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் நாலு இலக்கம் கொடுங்கள். முதல் இலக்கம் பிரிவு. மற்ற மூன்றும் வரிசை எண். அதன்பின் சிறுகோடு இட்டு அகலத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். 4017-100 என்றால், சமயச் சின்னங்களில் பதினேழாவது, 100 மில்லிமீற்றர் அகலம் என்று பொருள். இப்படி இலக்கத்தால் பெயரிடுவதில் ஒரு வசதி உண்டு. பல மெசின்களின் சிறு திரையில் தமிழ் எழுத்துத் தெரியாது. நீண்ட பெயரும் பாதியில் வெட்டுப்படும். எட்டு எழுத்துக்குள் அடங்கும் இலக்கம் எந்த மெசினிலும் தெரியும். கணனி தெரியாதவரும் வாசிப்பார். ஒரு தடவை கொடுத்த இலக்கத்தை மாற்றவோ வேறு வடிவத்துக்குக் கொடுக்கவோ கூடாது.

மாதிரிக் கொப்பி

முழு ஒழுங்கிலும் முக்கியமானது இதுவே. கணனி இல்லாமலும், மின்சாரம் இல்லாத நேரத்திலும் உதவுவது இதுதான். தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு வடிவத்தை முதன்முதலில் தைக்கும்போதே வெட்டுத் துண்டுத் துணியில் ஒரு மாதிரி தைத்து, கொப்பியில் ஒட்டுங்கள். பக்கத்தில் பின்வருவனவற்றை எழுதுங்கள்:

வடிவ இலக்கம், அகலமும் உயரமும், எந்த வளையம், தையல் எண்ணிக்கை, நிறங்கள் தைக்கப்படும் வரிசையும், ஒவ்வொரு நூல்கட்டையிலும் உள்ள கம்பனிப் பெயரும் நிற இலக்கமும், எந்தத் துணி, அடியில் எந்தத் தாள் வைத்தது, எங்கிருந்து வந்த வடிவம், தைத்து முடிக்க எடுத்த நேரம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கூலி பேசுவதற்கு அதுவே ஆதாரம். ஒரு சின்னத்தில் 12,000 தையல் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மெசின் நிமிடத்துக்கு 600 தையல் போட்டால் 20 நிமிடம். ஒற்றை ஊசி மெசினில் ஐந்து நிறம் என்றால் நாலு முறை நூல் மாற்ற வேண்டும். முறைக்கு 2 நிமிடப்படி 8 நிமிடம். வளையத்தில் துணி பூட்டி, கழற்றி, நூல் நறுக்க 7 நிமிடம். ஆக ஒன்றுக்கு 35 நிமிடம். நாற்பது சட்டைக்கு 1,400 நிமிடம், அதாவது 23 மணித்தியாலத்துக்கு மேல். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வேலை செய்யும் குழுவுக்கு நாலு நாள் வேலை. "நாளன்றைக்குத் தாருங்கள்" என்று வருபவரிடம் கொப்பியைக் காட்டி நியாயம் பேசலாம். கணக்குத் தெரியாமல் ஏற்றுக்கொண்டு, இரவிரவாகக் கண்விழித்து, கடைசியில் குறைந்த கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் நிலை வராது.

வருபவர்கள் இக்கொப்பியைப் புரட்டித் தமக்குப் பிடித்ததைத் தெரிவு செய்யலாம். துணியில் தைத்த மாதிரியைக் காட்டும்போது "திரையில் வேறுமாதிரி இருந்ததே" என்ற பேச்சுக்கும் இடமிராது.

இரண்டு வீட்டில் பிரதி

ஒரே இடத்தில் உள்ள பொருள் ஒரே நாளில் அழியலாம் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றைப் பின்னர் மீண்டும் தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் போனது போனதுதான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியோரும், 2004இல் கடல்கோளில் அகப்பட்டோரும் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை இன்றும் சொல்வார்கள்.

வடிவங்களுக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று கணனியில். ஒன்று நிலையத்தின் அலுமாரியில் உள்ள பென் ட்ரைவில். மற்றொன்று வேறொரு வீட்டில், முடிந்தால் வேறு கிராமத்தில், நம்பிக்கையான அங்கத்தவர் ஒருவரிடம். கணனி இல்லாத குழுக்கள் கைத்தொலைபேசியிலும் ஒரு பிரதி வைக்கலாம். பென் ட்ரைவை நேரே செருக இணைப்புக் கம்பி கடைகளில் உண்டு. மாதிரிக் கொப்பியின் பக்கங்களையும் அதே தொலைபேசியால் படம் எடுத்துவையுங்கள்.

பாதுகாப்புப் பிரதியைக் கடைக் கணனிகளில் செருக வேண்டாம். அங்கிருந்து தொற்றும் வைரஸ் கோப்புகளை மறைத்துவிடும் அல்லது அழித்துவிடும். வெளியே கொண்டுபோக வேறொரு பென் ட்ரைவை வைத்திருங்கள். மழைக்காலத்துக்கு முன்னர் கொப்பியையும் பென் ட்ரைவையும் பொலித்தீன் பையில் இட்டு, மூடியுள்ள வாளியில், நிலத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

எந்தப் பிரதியும் என்றைக்கும் இருக்காது. ஒருகாலத்தில் வடிவங்கள் துளையிட்ட தாள் நாடாவில் இருந்தன. பின்னர் புளொப்பித் தட்டுக்கு வந்தன. சோனி நிறுவனம் 2011உடன் யப்பானில் புளொப்பித் தட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. பழைய தட்டுகளை உரிய காலத்தில் வேறிடத்துக்கு மாற்றாதவர்கள் அவற்றை வாசிக்கக் கருவி தேடி அலைய வேண்டியதாயிற்று.

பிறர் உழைப்பை மதித்தல்

வடிவம் வரைவதும் உழைப்பே. விலைக்கு வாங்கிய வடிவத்தைத் தைத்து விற்கப் பெரும்பாலும் அனுமதி இருக்கும். கோப்பைப் பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்க அனுமதி இராது. நிபந்தனையை வாங்கும்போதே வாசித்துக் கொப்பியில் குறித்துவிடுங்கள். பாடசாலை, சங்கச் சின்னங்களை அந்தந்த நிர்வாகத்தின் எழுத்து மூலமான கேள்வியின்மேல் மட்டும் தையுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தும். உங்கள் குழு தானே வரைந்த கோலத்துக்கும் அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

யார் பொறுப்பு?

இந்த ஒழுங்கை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அவர் ஊர் திரும்பும் நாளில், அல்லது திருமணமாகிப் போகும் நாளில், எல்லாம் நின்றுவிடும். இருவர் பழக வேண்டும். ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவராக இருப்பது நல்லது. மூத்தவருக்குத் துணியும் தையலும் தெரியும். இளையவருக்குக் கணனி தெரியும். குழு பிரிந்து வேறு வேறு இடங்களுக்குக் குடியேற நேர்ந்தால் வடிவங்கள் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே கூட்டத்தில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மெசினைப் பங்கு போட முடியாது. குழுவே வரைந்த வடிவங்களை எல்லாருக்கும் கொடுக்கலாம். விலைக்கு வாங்கியவற்றை நிபந்தனை இடங்கொடுக்கும் அளவுக்கே கொடுக்கலாம்.

மூவாயிரம் வடிவத்தையும் ஒரேயடியாக ஒழுங்குபடுத்த முற்படாதீர்கள். மூன்றாம் நாளே சலித்துவிடும். கடந்த வருடம் தைத்தவற்றை முதலில் எடுங்கள். பின்னர் நாளுக்குப் பத்து வீதம் செய்யலாம். ஒருபோதும் தைக்க மாட்டோம் என்று தெரிந்தவற்றுக்கு இலக்கமே வேண்டாம்; அவை மூலத்தில் கிடக்கட்டும்.

ஐயாயிரம் பேர் உண்டபின் மிஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடருக்குச் சொன்னதை யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சேர்த்ததைக் கூடைகளில் நிரப்பினார்கள் என்றும், அவை பன்னிரண்டு என்றும் கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இச்சஞ்சிகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கைக்கு வரும். அது வரும் நாளையே தவணையாக வைத்து, மூன்று பிரதிகளையும் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால், புதிதாகச் சேர்ந்த வடிவங்களை அவற்றில் சேர்த்து, கொப்பியில் திகதியிட்டு இருவரும் ஒப்பமிடுங்கள்.