வெட்சிக் கொழுந்து ஏன் வெளிறுகிறது?

பழைய ரப்பர் தோட்டங்களில், லயத்து வாசலில் யாரும் கவனிக்காமலே கொத்துக் கொத்தாய்ப் பூத்த வெட்சி, ஈப்போவில் தாமான் வீட்டுச் சுவரோரம் நட்டால் சில சமயம் வெளிறிப்போகிறது. காரணம் மண்.

ரப்பர் விளைந்த மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. வெட்சிக்கு அதுதான் பிடிக்கும். ஈப்போவைச் சுற்றியிருப்பவையோ சுண்ணாம்புக்கல் மலைகள். குனோங் சீரோ முருகன் கோயிலே அப்படியொரு மலையடியில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தூளும் வீடு கட்டிய சிமெண்டும் கலந்தால் மண் காரமாகும். பிஎச் 7ஐத் தாண்டினால் மண்ணிலுள்ள இரும்பு நீரில் கரைவதே அரிது. வேருக்கு இரும்பு எட்டாவிட்டால் இலையில் பச்சையம் உருவாகாது.

கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். அடியிலையோ பசுமையாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே சேர்ந்த இரும்பைச் செடியால் கொழுந்துக்கு எளிதில் நகர்த்த முடியாது. அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவு என்று சந்தேகிக்கலாம்.

துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதில் பயனில்லை. துருவும் அதே கரையாத இரும்புதான். சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு மட்கிய இலையுரமும் கொஞ்சம் அமோனியம் சல்பேட்டும் இடுங்கள். அவசரத்துக்கு, கிலேட் இரும்புக் கரைசலை இலைமேல் தெளிக்கலாம்.

செடி தேறிப் பூத்தபின் கத்தரிப்பையும் கவனியுங்கள். பூ கிளை நுனியில் வருவதால், கொத்து வாடியதும் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். எதிரெதிர் இலையிடுக்குகளில் இரண்டு கிளைகள் துளிர்க்கும்.