எதை எடுப்பது, எதை விடுவது?

வெள்ளம் வாசலுக்கு வந்துவிட்டது. உங்கள் கையில் ஒரே ஒரு பெட்டி. எதை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள்? ஆட்டுக்கல்லையா, அம்மாவின் புகைப்படத்தையா? ஆட்டுக்கல் கடையில் கிடைக்கும். அந்தப் படம் கிடைக்குமா?

லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். உள்ளே இருக்கும் சாமான்களோ ஏராளம். பிரதி எடுத்து வைக்க இருப்பதோ 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று. என்ன செய்யலாம்?

கவலை வேண்டாம். 'மறுபடியும் கிடைக்குமா?' என்ற ஒரே தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள்.

'யூஎஸ்ஆர்' என்ற அறை மிகப் பெரிது. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் இன்டர்நெட்டிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய புரோகிராம்கள்தாம். அவற்றின் பெயர்ப் பட்டியல் மட்டும் போதும். டெபியன், உபுண்டுக்காரர்கள் 'ஏப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்று கட்டளையிட்டால் பட்டியல் வந்துவிடும். 'ப்ராக்', 'சிஸ்' இரண்டும் வெறும் மாயை! அவை டிஸ்கில் இல்லவே இல்லை. கெர்னல் காட்டும் தோற்றங்கள். 'டெம்ப்' குப்பைக் கூடை. தள்ளிவிடுங்கள்.

'ஹோம்' இருக்கிறதே, அதுதான் இரும்புப் பெட்டி. கடிதம், கணக்கு, குழந்தைகளின் படம் எல்லாம் அங்கேதான். அதிலும் 'கேஷ்' என்ற மூலையை விட்டுவிடலாம். ஆனால், புள்ளியில் தொடங்கும் மறைவான பெயர்களை மறந்துவிடாதீர்கள். 'எஸ்எஸ்ஹெச்' சாவிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்கள் ஏற்பாடுகள் அடங்கிய 'எட்ஸி' சின்னஞ்சிறு அறை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் வைத்திருக்கிறீர்களா? ஓடும்போதே ஃபைல்களை அள்ளினால் அரைகுறையாகிவிடும். அதற்கென்று உள்ள 'டம்ப்' கட்டளையால் எடுப்பதே முறை.

எடுத்தால் மட்டும் போதுமா? 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ இட்ட ஓர் அழிப்புக் கட்டளையில் படத்தின் பெரும் பகுதி மாயமாயிற்று. பிரதிகள் இருக்கின்றனவே என்று போய்ப் பார்த்தால், அவை சரியாகவே பதிவாகவில்லை! கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்த காலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

ஆகவே, இன்றைக்கே பிரதி எடுங்கள். பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. திறக்காவிட்டால் வெறும் பிளாஸ்டிக்!