முகவரி இல்லாத கருவி முகவரி கேட்கும் விதம்

வீட்டு வைஃபையில் இணைந்த சில நொடிகளில் கைபேசிக்கு 192.168.1.7 போன்ற ஓர் ஐபி முகவரி கிடைத்துவிடுகிறது. அதை வழங்கும் நெறிமுறையின் பெயர் டிஎச்சிபி. புதிதாக வந்த கருவிக்குத் தன் முகவரியும் தெரியாது, முகவரி தரும் சர்வர் எங்கே என்றும் தெரியாது. அதனால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று இட்டு, 255.255.255.255 என்ற பொது முகவரிக்குத் தன் கோரிக்கையை அனுப்புகிறது. அந்த வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போய்ச்சேரும்; சர்வர் மட்டும் பதில் சொல்லும். வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர்தான் சர்வர்.

சர்வர் காலியாக உள்ள ஒரு முகவரியைத் தர முன்வருகிறது. கருவி அதையே கேட்கிறது, சர்வர் உறுதிசெய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் முன்வந்திருக்கலாம் என்பதால் கருவி தன் தேர்வையும் எல்லோருக்கும் கேட்கும்படியே அறிவிக்கிறது. தேர்வாகாத சர்வர்கள் தாங்கள் ஒதுக்கிய முகவரியை வேறு கருவிக்குக் கொடுக்கலாம். இணையத்துக்கு வெளியேறும் வழியான கேட்வேயின் முகவரி, இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி ஆகியவையும் இந்த உரையாடலிலேயே வந்துவிடுகின்றன.

1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் வகுத்த பூட்பி என்ற நெறிமுறையே டிஎச்சிபிக்கு முன்னோடி. அதில் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்று நிர்வாகி முன்கூட்டியே பட்டியலிட வேண்டியிருந்தது. அந்தக் கணினி அணைந்து கிடந்தாலும் முகவரி அதற்கே உரியது. 1993இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டிஎச்சிபி முகவரியைக் குத்தகைக்கு விட்டது. இந்த நெறிமுறையின் உயிர்நாடியே அதுதான். வழக்கமாகக் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி அதே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் வராவிட்டால், 87.5 விழுக்காடு கழிந்தபின் எந்தச் சர்வரிடமும் கேட்கிறது. காலம் முடிந்தும் புதுப்பிக்கப்படாத முகவரியைக் கைவிட்டே ஆக வேண்டும். நாள்முழுதும் ஆட்கள் வந்துபோகும் விமான நிலையம் போன்ற இடங்களில் குத்தகையைக் குறுகியதாக வைத்தால், சில நூறு முகவரிகளே பல ஆயிரம் பேருக்குப் போதும்.

சர்வர் எதுவுமே பதில் சொல்லாதபோது விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே சூட்டிக்கொள்கிறது. அதை வைத்துப் பக்கத்துக் கருவிகளுடன் பேசலாம், இணையத்துக்குப் போக முடியாது. இணைப்பு வராத கணினியில் இந்த எண் தெரிந்தால் முதலில் ரவுட்டரையும் கேபிளையும் பார்ப்பதே சரி.

டிஎச்சிபியின் பெருங்குறை, பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்காமல் நம்பிவிடுவது. அதே வலையமைப்பில் ஒருவர் போலி சர்வரை நிறுவித் தன் கணினியையே கேட்வேயாகக் காட்டினால், மற்றவர்கள் அனுப்பும் தரவு அவர் வழியாகப் போகும். இதைத் தடுக்க அலுவலக ஸ்விட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி உண்டு. நிர்வாகி குறித்த போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்து சர்வர் பதில் வந்தாலும் ஸ்விட்ச் அதைத் தள்ளிவிடும்.