நம் கணினி, நம் கையால்

டெஸ்க்டாப் கணினியை வீட்டிலேயே அசெம்பிள் செய்வது பொறியாளர்களுக்கு மட்டுமே கைவரும் வேலை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அதற்கு சாலிடரிங் தெரிய வேண்டியதில்லை, மின்னணுவியல் பட்டமும் வேண்டியதில்லை. ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு பிற்பகல் இருந்தால் போதும். பிராசசர், கூலர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், தேவையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு என மொத்தமே ஏழெட்டுப் பாகங்கள்தான். இவற்றை மாட்டுவது எளிது. பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அந்தத் தேர்வுக்காகக் கற்றுக்கொள்ளும் அறிவே இந்த முயற்சியில் கிடைக்கும் பெரிய லாபம். மிச்சமாகும் பணம் அதற்கு அடுத்ததுதான்.

மாட்டுவது இவ்வளவு எளிதாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, விரைவாகச் சந்தைக்கு வர வேண்டும் என்பதற்காக வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களையே பெரும்பாலும் பயன்படுத்தியது. பிராசசர் இன்டெலுடையது. சுற்று வரைபடங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் ஐ.பி.எம். விற்பனைக்கு விட்டது. அதனால் மற்ற நிறுவனங்கள் அதற்கு ஏற்ற கார்டுகளையும், விரைவிலேயே அதற்கு இணையான கணினிகளையும் செய்ய முடிந்தது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். தரநிலை, மதர்போர்டின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் ஆகியவற்றை வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் மதர்போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினெட்டில் இன்றும் கச்சிதமாக உட்காருவது இதனால்தான். தனித்தனி ஆலைகளில் பிறந்த பாகங்கள் யார் வீட்டு மேசையிலும் ஒன்றுசேர வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் இவை தயாராகின்றன.

‘தவறாக மாட்டி எரித்துவிட்டால்?’ என்பதே முதல் அச்சம். பெரும்பாலான தவறுகளைப் பாகங்களின் வடிவமே தடுத்துவிடும். டிடிஆர்4, டிடிஆர்5 ரேம்கள் இரண்டிலும் 288 தொடுமுனைகள் இருந்தாலும், நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியை சாக்கெட்டில் உள்ள குறியோடு சேர்த்து, அழுத்தாமல் வைத்து, நெம்பியை மூடினால் போதும். உண்மையான கவனம் சில இடங்களில்தான் தேவை. சாக்கெட்டின் நுண்ணிய ஊசிகளில் விரல் படக் கூடாது. மதர்போர்டின் அடியில் வரும் பித்தளைத் தாங்கிகள் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். தவறான இடத்தில் ஒன்று இருந்தாலும் ஷார்ட் ஆகலாம். ஒரு எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் கழற்றும் கேபிளை இன்னொன்றில் செருகக் கூடாது, எஸ்.எம்.பி.எஸ்.-ஸைத் திறக்கவே கூடாது. பாகங்களைக் கெடுக்கக்கூடிய நிலைமின்னூட்டம் வறண்ட காற்றில்தான் அதிகம் சேரும். ஆனாலும் பாகங்களைக் கையில் எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்வது நல்ல பழக்கம். டிடிஆர்5 ரேம் பூட்டிய கணினி முதல்முறை இயங்கும்போது ரேமைச் சோதித்துப் பழகச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை இருண்டிருந்தால் பதறி மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.

தேர்வுக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ விலை கேட்பதற்கு முன், இந்தக் கணினி எதற்காக என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் என்றால், பிராசசருக்குள்ளேயே உள்ள கிராஃபிக்ஸ் தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங்கும் விளையாட்டும் என்றால்தான் தனி கார்டு வேண்டும். இங்கேயும் ஒரு நுணுக்கம்: பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இயங்காது. விலை குறைவென்று அதை வாங்கி, கார்டு வாங்காமல் விட்டால் திரையில் படமே வராது. பிராசசரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றா, ரேமின் தலைமுறை சரியா, கார்டின் நீளம் கேபினெட்டில் அடங்குமா, எல்லாவற்றுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஈடுகொடுக்குமா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மிச்சம் பிடிக்கும் ஆசையில் தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதுதான் மிக மோசமான சிக்கனம். அது பழுதாகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும்.

‘இதைவிட பிராண்டட் கணினியே மலிவாகக் கிடைக்கிறதே’ என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் நிறுவனங்களின் அடிப்படை மாடல்களோடு விலையில் போட்டியிடுவது எளிதல்ல. 2025-இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதுபோல, சந்தை நமக்கு எதிராகத் திரும்பும் காலமும் வரும். ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சில பிராண்டட் டெஸ்க்டாப்களில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.-ஸும் அந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவில் இருக்கும். வாரன்டி முடிந்தபின் ஒன்று பழுதானால் பொதுச்சந்தையில் மாற்று கிடைப்பது அரிது. நாமே அசெம்பிள் செய்த கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரன்டி உண்டு. பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் நம் நாட்டில் பொதுவாக 3 ஆண்டுகள். பழுது எந்தப் பாகத்தில் என்று கண்டறியும் பொறுப்பு நம்முடையது என்பது இதன் சுமை. எல்லாவற்றையும் தன் கையால் மாட்டியவருக்கு அந்தச் சுமை பெரிதாக இராது.

‘லேப்டாப் காலத்தில் டெஸ்க்டாப் எதற்கு?’ என்றும் கேட்கலாம். ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு லேப்டாப்தான் சரி. ஆனால் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. போதவில்லை என்றால் மொத்தக் கணினியையும் மாற்ற வேண்டும். டெஸ்க்டாப்பின் கதை வேறு. ஏ.எம்.டி.-யின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2017-இல் வாங்கிய பல மதர்போர்டுகளில், அவற்றின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தபின், 2022-இல் வெளிவந்த பிராசசரையும் பொருத்த முடிந்தது. ஒரே பாகத்தை மாற்றிக் கணினியின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்க முடியும். அவ்வளவு மின்கழிவும் குறையும்.

எனவே, ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்பவர்கள், கணினியைப் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர்கள், பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தார் இதைத் துணிந்து செய்யலாம். முதல் முயற்சிக்கு நடுத்தர விலைப் பாகங்களும் காலியான ரேம் ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டும் போதும். கேபினெட்டுக்குள் ஏற்றும் முன் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் எந்தப் பாகம் கெட்டாலும், எதை மாற்ற வேண்டும், எதை மாற்றத் தேவையில்லை என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்வீர்கள்.