எம்டன் குண்டும் எக்ஸெல் ஷீட்டும்

'சரியான எம்டன்' என்று சிலரைச் சொல்வோம் அல்லவா? அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தன. பயந்துபோய் பலர் ஊரையே காலி செய்தனர். அன்று கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்திருந்தால்? எண்ணெய் டாங்குகளைப் பார்த்தே பழகிய மணலி புதுநகர்வாசிகளுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வி அல்ல.

இதைப் போன்ற கேள்விகளை ராணுவத்தில் சிமுலேஷன் மூலம் அலசுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் போதும், நீங்களும் செய்யலாம். ராண்ட் என்ற பங்ஷன் 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணைத் தரும். அது 0.1-க்குக் குறைந்தால் 1 (குண்டு பட்டது), இல்லையென்றால் 0 என்று இஃப் பங்ஷனில் பார்முலா அமையுங்கள். மவுஸால் 130 வரிசைக்கு இழுத்து, சம் பங்ஷனில் கூட்டுங்கள். எப்9 கீயைத் தட்டத் தட்ட ஒவ்வொரு முறையும் ஒரு புது 'இரவு'! சராசரி 13 வரும்.

விளக்கை அணைக்க 0.1-ஐ 0.05 ஆக்குங்கள். (இரண்டுமே என் அனுமானம்தான்.) சராசரி பாதியாகும். ஆனால் இருட்டில் 10-ம், வெளிச்சத்தில் 8-ம்கூட சில சமயம் வரும். ஆகவே ஒரே ஒரு இரவின் சேதத்தைப் பார்த்து, விளக்கு செய்த வினை என்று சொல்லிவிட முடியாது. நூறு முறையாவது தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: முதல் டாங்க் எரிந்ததும் அந்த வெளிச்சமே அடுத்த குண்டுக்குக் குறி காட்டும். நம் ஷீட்டுக்கு அது இன்னும் தெரியாது.